பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து சுங்கை சிப்புட் வரை: ரயில் பிடித்து வருவோருக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் நம்மூர் சுங்கை சிப்புட்டில் கல்யாணம் என்றாலும் கோயில் கும்பாபிஷேகம் என்றாலும், திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பி வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்றுதான். எது சீக்கிரம் என்பது அடுத்த கேள்வி. இரண்டும் நியாயமானவையே. ஆனால் வழியைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு. வீடு வந்து சேர்வதற்குள் பெட்டியைக் கையால் எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கும்? அறுபது வயதுப் பெரியம்மா இரண்டு பெட்டிகளோடு தனியாக வருகிறார் என்றால், இருபது ரிங்கிட் மிச்சம் பிடிக்கிற வழி ஒரு நீளமான படிக்கட்டில் போய் முடியுமானால், அதை நான் மலிவான வழி என்று சொல்ல மாட்டேன்.

நல்ல செய்தி என்னவென்றால், சரியாகத் திட்டமிட்டால் கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து சுங்கை சிப்புட் வரை ஒரு படிக்கட்டுகூட ஏறாமல் வந்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு ரயில், அங்கிருந்து வடக்கே இ.டி.எஸ். மின்சார ரயில், சுங்கை சிப்புட் நிலையத்திலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒரு கார். மூன்றே கட்டம். சிக்கல் தூரத்தில் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடங்களில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

கிளம்புவதற்கு முன்: பெட்டியைப் பிரியுங்கள்

ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். பட்டுப் புடவைகள், எவர்சில்வர் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, வீட்டில் அரைத்த மிளகாய்த் தூள், நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டியில் அடைத்து, விமான நிறுவனம் அனுமதிக்கும் கடைசி கிலோ வரை நிரப்பிவிடுகிறோம். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விமானத் துறையின் பொதுவான வரம்பு. ஆனால் அது சுமை தூக்கும் தொழிலாளர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்ட வரம்பு. ரயிலில் வரும் அத்தைக்கு அது பொருந்தாது.

என் கணக்கு இதுதான்: வருபவர் தன் முழங்கால் உயரத்துக்குத் தனியாகத் தூக்க முடியாத பெட்டி, ரயில் பயணத்துக்கு ஆகாத பெட்டி. 30 கிலோ அனுமதி இருந்தால் 15, 15 என்று இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். இரண்டும் நான்கு சக்கரம் உள்ளவையாக இருந்தால் சமதரையில் இரு கைக்கும் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே வரலாம். நைலான் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டியை இந்தப் பயணத்துக்குக் கொண்டுவர வேண்டாம். விமான நிலையத் தள்ளுவண்டியில் அது ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கும். தள்ளுவண்டியை விட்டு இறக்கிய பிறகுதான் தொல்லை தொடங்கும். பிடிக்கக் கைப்பிடி இல்லை, உருட்டச் சக்கரம் இல்லை, நைலான் கயிறு விரல் மடிப்பில் பதிந்து சிவந்துவிடும். கப்பல் காலத்தில் தாத்தாமார்கள் தகரப் பெட்டியோடு பினாங்கில் இறங்கினார்கள் என்றால், கூடவே தூக்குவதற்கு ஆளும் இருந்தது.

குத்துவிளக்கைத் தனித்தனித் துண்டாகக் கழற்றிப் புடவைகளுக்கு நடுவே வையுங்கள். அடிப்பாகம்தான் கனம். அது சக்கரம் இருக்கும் பக்கமாக, பெட்டியின் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் பெட்டி திரும்பும் இடத்திலெல்லாம் சாயும். ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் விட மாட்டார்கள்.

இன்னொன்று. செடி, விதை, பச்சைப் பழம், இறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றை முன் அனுமதி இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. முருங்கைக் குச்சியும் மல்லிகைப் பதியனும் கொண்டுவரும் ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறந்து கொட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் ரயிலின் நேரம்.

கடப்பிதழ், ரயில் டிக்கெட், தொலைபேசி, சார்ஜர், மாத்திரை, ஒரு சால்வை, சில்லறை ரிங்கிட் எல்லாம் உடம்போடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும். பயணம் முழுவதும் பெரிய பெட்டியைத் திறக்கவே வேண்டியிருக்கக் கூடாது.

நேரக் கணக்கு: விமானத்திலிருந்து முன்னோக்கி

பெரும்பாலானோர் விமானம் இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டி ரயில் எடுத்துவிடுகிறார்கள். போதாது.

வெளிநாட்டு விமானம் காலை 7.30-க்குத் தரையிறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து குடிநுழைவு வரை நடப்பதே கணிசமான நேரம். இரண்டாம் முனையத்தில் அந்த நடை நீளமானது. முதல் முனையத்தில் துணைக் கட்டடத்தில் இறக்கினால் ஏரோட்ரெயின் பிடித்து மையக் கட்டடத்துக்கு வர வேண்டும். நீண்ட காலம் நின்றிருந்த அந்தச் சேவை 2025 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. குடிநுழைவு வரிசைக்குச் சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டி வரக் காத்திருப்பது, சுங்கம், கழிவறை. இவையெல்லாம் முடிந்து விமான நிலைய ரயிலில் உட்காரும்போது 9.15 ஆகியிருக்கும். கே.எல். சென்ட்ரலில் 9.50. அங்கே மாறுவதற்கு அரை மணி நேரம், விமானத் தாமதத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆக 11.30-க்குப் பிந்திய ரயிலைத்தான் எடுக்க வேண்டும். தரையிறங்கும் நேரத்திலிருந்து நான்கு மணி நேர இடைவெளி என்று வைத்துக்கொண்டால் யாரும் ஓட வேண்டியிருக்காது. விட்ட ரயிலுக்குப் பணம் திரும்ப வராது. அடுத்த ரயிலில் இடம் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

இரவு எட்டு மணிக்குப் பிறகு விமானம் இறங்குகிறது என்றால் அன்றே ரயில் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கே.எல். சென்ட்ரலை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. சிறு விடுதிகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், பூக்கடை, நாணய மாற்றுக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில். அந்த வட்டாரத்தின் முதன்மைச் சாலைக்கு துன் சம்பந்தன் பெயர். 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர் காசிலேயே வாங்க வழி செய்தவர். நம்மூர்க்காரர் பெயர் தாங்கிய சாலையில் ஓர் இரவு தங்கி, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பெரியவர்களை அழைத்து வரும்போது பகல் விமானமாக இருந்தாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ரயில் டிக்கெட்

விமான டிக்கெட் உறுதியானதும் ரயில் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் இணையத்தளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ எடுக்கலாம். ஒவ்வொரு பயணியின் பெயரும் கடப்பிதழ் எண்ணும் கேட்கப்படும். ஊரில் இருப்பவர்களிடம் கடப்பிதழின் படத்தை அனுப்பச் சொல்லி நீங்களே இங்கிருந்து எடுத்துக் கொடுப்பது சுலபம். தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் வடக்கே போகும் ரயில்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். பள்ளி விடுமுறைக்கும் இதே கதை.

எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறதா என்பது. எல்லா இ.டி.எஸ். ரயிலும் நம்மூரில் நிற்பதில்லை. சேருமிடத்தைச் சுங்கை சிப்புட் என்று கொடுத்துத் தேடினால் நிற்கும் ரயில்கள் மட்டும் வரும். பொருத்தமான நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு முந்திய நிலையமான ஈப்போ வரை எடுத்துவிடுங்கள். ஈப்போவுக்கு ரயில்கள் அதிகம். அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்குச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். வீட்டிலிருந்து கார் வர முடியுமென்றால், ரயிலுக்காகச் சென்ட்ரலில் மூன்று மணி நேரம் காத்திருப்பதைவிட இதுவே மேல்.

இரண்டாவது, புறப்படும் நிலையம். பட்டியலில் கே.எல். சென்ட்ரல் என்று ஒன்றும் கோலாலம்பூர் என்று ஒன்றும் இருக்கும். பிந்தியது 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய நிலையம், சென்ட்ரலுக்கு அடுத்தது. அழகான கட்டடம், போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் விமான நிலைய ரயில் அங்கே போகாது. டிக்கெட்டில் கே.எல். சென்ட்ரல் என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, இருக்கை. செயலியில் கோச்சையும் இருக்கையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். கோச்சின் நடுவில் எடுக்காமல், கதவுக்குப் பக்கத்து வரிசைகளில் எடுங்கள். பெரிய பெட்டிகள் வைக்கும் இடம் கதவை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், இறங்கும்போது குறுகலான நடைவழியில் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஜன்னலோரத்தைவிட இது முக்கியம்.

டிக்கெட்டை வருபவரின் கைபேசிக்கு அனுப்பினால் மட்டும் போதாது. திரைப் படமாக எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் தாளில் அச்சடித்தே கொடுத்துவிடுங்கள். உள்ளூர் சிம் போடுவதற்கு முன் இணையம் இல்லாத நேரம் ஒன்று உண்டு.

விமான நிலையத்துக்குள்

மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்கள் மின்னிலக்க வருகை அட்டையை வருவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். அரசின் அதிகாரபூர்வ தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தைக் கண்டால் வெளியே வந்துவிடுங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. ஆனால் திரும்பும் டிக்கெட்டும் தங்கும் முகவரியும் கையில் இருக்கட்டும். அதிகாரி கேட்டால் தோட்டத்துப் பெயரை மட்டும் சொல்லாமல், "சுங்கை சிப்புட், பேரா" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வருபவரிடம் சொல்லி வையுங்கள்.

பெட்டிகள் வரும் பட்டைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி இருக்கும். முதலில் அதைப் பிடியுங்கள், பிறகு பெட்டிக்குப் போங்கள். கனமானது கீழே, பிடியை வெளிப்புறம் பார்த்து. பெட்டியை எடுத்ததும் அங்கேயே சக்கரத்தையும் கைப்பிடியையும் பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வருவதற்கு முன் விமான நிறுவனத்தின் சரக்கு முகப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்பாரில்லை.

எந்த முனையத்தில் இறங்குகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏர்ஏசியா விமானங்கள் இரண்டாம் முனையத்துக்கு வருகின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் முதலான மற்ற பலவும் முதல் முனையத்துக்கு. முதல் முனையத்தில் வருகைக்கூடம் மூன்றாம் தளத்திலும் ரயில் நிலையம் முதல் தளத்திலும் இருக்கின்றன. லிஃப்ட்டில் தள்ளுவண்டியோடேயே இறங்கிவிடலாம். இரண்டாம் முனையத்தில் வருகைக்கூடத்திலிருந்து வெளியே வந்து, ஒட்டியிருக்கும் கடைவளாகத்துக்குள் ரயில் அடையாளப் பலகைகளைப் பின்தொடர வேண்டும். கடைகளைக் கண்டு திசை மாறுவது அங்கே மிக எளிது. பலகையை மட்டும் பாருங்கள்.

இங்கே நாணயம் கொஞ்சமாக மாற்றுங்கள். அன்றைய செலவுக்குப் போதும் என்ற அளவில். மிச்சத்தைப் பிரிக்பீல்ட்ஸிலோ ஈப்போவிலோ மாற்றினால் விலை நன்றாகக் கிடைக்கும்.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு

57 கிலோமீட்டர். வழிகள் மூன்று.

எக்ஸ்பிரஸ் ரயில் இடையில் எங்கும் நிற்காது. முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். பெரியவர்களுக்குக் கட்டணம் 55 ரிங்கிட். அதே தண்டவாளத்தில் ஓடும் டிரான்சிட் ரயில் சாலாக் திங்கி, புத்ராஜெயா, பண்டார் தாசிக் செலாத்தான் ஆகிய இடங்களில் நின்று போகும். சில நிமிடம் கூடுதலாகும். சென்ட்ரல் வரை என்றால் கட்டணத்தில் மிச்சம் இல்லை. தொடுகை வங்கி அட்டை இருந்தால் வாயிலில் தட்டிவிட்டே உள்ளே போகலாம். நடைமேடையும் ரயிலின் தரையும் ஒரே மட்டம், பெட்டி வைக்கும் தட்டும் தரையை ஒட்டியே இருக்கிறது. இந்த வழியில் பெட்டியைத் தூக்க வேண்டிய தேவை ஏறத்தாழ இல்லை. தனியாகவோ இருவராகவோ வருபவர்களுக்கு என் தேர்வு இதுதான். சென்ட்ரலிலிருந்து சுங்கை சிப்புட் வரையிலான இ.டி.எஸ். கட்டணம்கூட இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். உண்மைதான், விலை அதிகம். ஆனால் வாங்குவது நிச்சயமான நேரத்தை. நெடுஞ்சாலை நெரிசல் அதைத் தொடாது.

பேருந்து மலிவு, ஏறத்தாழ 15 ரிங்கிட். ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் மேலும். பெட்டியை அடிப்பகுதியில் வைக்க ஒருமுறை, எடுக்க ஒருமுறை, நாம் ஏறுவதற்குப் படிகள். சென்ட்ரலில் இது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மேலே மைய மண்டபத்துக்கு வர லிஃப்ட்டைத் தேட வேண்டும். உடல் வலுவுள்ள மாணவர்களுக்கு நல்ல வழி.

நான்கு பேர் சேர்ந்து வந்தால் கணக்கே மாறுகிறது. எக்ஸ்பிரஸ் ரயிலில் 220 ரிங்கிட் ஆகும். கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் காரில் சாதாரண நேரத்தில் பெரும்பாலும் 100 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் நான்கு பேரும் நான்கு பெரிய பெட்டிகளும் சாதாரணக் காரில் அடங்காது. ஆறு இருக்கை வண்டியாகக் கேளுங்கள். காலை, மாலை நெரிசல் நேரத்தில் இந்த வழியை நம்பி ரயில் பிடிக்காதீர்கள். மழை பெய்தால் இன்னும் மோசம்.

நான்காவதாக ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். விமான நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன. சென்ட்ரலில் மாறும் வேலையே இல்லை. ரயில் நேரம் ஒத்துவராதபோது, நள்ளிரவை ஒட்டி இறங்குபவர்களுக்கு, இது கைகொடுக்கும். பினாங்குக்கு நேராக விமானம் கிடைத்தவர்கள் பாலம் கடந்து காரில் பட்டர்வொர்த் நிலையத்துக்கு வந்து, தெற்கே போகும் இ.டி.எஸ். ரயிலில் ஏறலாம். படகுத்துறை வழி வர வேண்டாம், பெட்டியோடு அது சரிப்படாது.

கே.எல். சென்ட்ரலில் மாறுவது

2001-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் விமான நிலைய ரயில், கொமியூட்டர், இ.டி.எஸ்., எல்.ஆர்.டி. எல்லாம் ஒரே கூரையின் கீழ் சந்திக்கின்றன. முதல் தடவை வருபவருக்குத் தலை சுற்றும். சுற்றத் தேவையில்லை, செய்ய வேண்டியது நான்கே காரியம்தான்.

விமான நிலைய ரயிலை விட்டு எல்லோரும் இறங்கிப் போகட்டும், கடைசியாக இறங்குங்கள். கூட்டத்தோடு போனால் கூட்டம் எஸ்கலேட்டருக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். எஸ்கலேட்டரில் பெரிய பெட்டியோடு ஏறுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. பெட்டி பின்னால் சாய்ந்தால் தடுக்க ஆளில்லை, கீழே நிற்பவர் குழந்தையாகக்கூட இருக்கலாம். லிஃப்ட் அடையாளத்தைத் தேடுங்கள். இரண்டு நிமிடம் காத்திருப்பதில் ஒன்றும் குறையாது.

அடுத்து, மைய மண்டபத்தில் கேடிஎம் பலகையைப் பிடியுங்கள். அங்கே மின்பலகையில் ரயிலின் எண்ணும் நேரமும் வாயிலும் ஓடும். உங்கள் ஊர்ப் பெயரை அதில் தேடாதீர்கள். அது வழியில் நிற்கும் நிலையம்தான். பட்டர்வொர்த், பாடாங் பெசார் போன்ற கடைசி நிலையங்களின் பெயர்களே தெரியும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் இருந்தால் கழிவறைக்குப் போய்வந்து, தண்ணீரும் சிற்றுண்டியும் வாங்கிக்கொண்டு அமருங்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவர் பெட்டியோடு இருக்கட்டும். தனியாக வந்தவர் பெட்டிகளையும் உள்ளே உருட்டிக்கொண்டு போவதற்கு மாற்றுத்திறனாளிகள் கழிவறையின் அகலம் உதவும், தேவைப்படுவோர் காத்திருக்கவில்லை என்றால் மட்டும். நிறைய நேரம் இருந்து வெளியே சாப்பிடப் போக விரும்பினால், காசு கட்டிப் பெட்டி வைக்கும் அடுக்குகள் இங்கே இருக்கின்றன.

ரயில் நடைமேடைகள் மண்டபத்துக்குக் கீழே. வாயிலைப் புறப்பாட்டுக்குச் சற்று முன்தான் திறப்பார்கள், புறப்படுவதற்குச் சில நிமிடம் முன் மூடியும் விடுவார்கள். கியூஆர் குறியைக் காட்டி உள்ளே போனதும் பலரும் படிக்கட்டை நோக்கி ஓடுவார்கள். இருக்கை எண் நம்முடையது, யாரும் எடுத்துவிட மாட்டார்கள். வாயிலில் இருக்கும் பணியாளரிடம் பெட்டியைக் காட்டி "லிஃப்ட்?" என்று கேட்டாலே கைகாட்டுவார். கீழே இறங்கியதும் உங்கள் கோச் எழுத்து எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு அங்கே போய் நில்லுங்கள். ரயில் வந்த பிறகு நடைமேடை முழுவதும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இ.டி.எஸ். ரயிலுக்குள்

நடைமேடைக்கும் ரயிலுக்கும் உயர வேறுபாடு இல்லை, ஆனால் இடைவெளி உண்டு. சிறு சக்கரங்கள் அதில் சிக்கும். பெட்டியை நேராகத் தள்ளாமல், நீங்கள் முதலில் உள்ளே காலை வைத்து, திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்து இரண்டு சக்கரத்தை உயர்த்தி இழுங்கள். பின்னால் நிற்பவர் ஒரு விரலால் தள்ளினாலே வந்துவிடும்.

பெரிய பெட்டி கதவோர இடத்துக்கு. நான்கு சக்கரப் பெட்டியைச் சக்கரத்தின்மேல் நிற்க வைத்தால் ரயில் வேகம் குறையும்போது உருண்டு நடைவழிக்கு வந்துவிடும். படுக்க வையுங்கள், அல்லது சக்கரம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி சாய்த்து, இன்னொரு பெட்டியால் அணை கொடுங்கள். இருக்கைக்கு மேலே உள்ள தட்டில் கைப்பை அளவுள்ளவை மட்டும். பித்தளை விளக்கு உள்ள பையை யார் தலைக்கு மேலும் வைக்காதீர்கள்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும் இந்த ரயில் ஈப்போவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரும். சுங்கை சிப்புட் அதற்கு அடுத்து. உள்ளே குளிர் கடுமையாக இருக்கும். சால்வை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர், சுங்காய், தாப்பா ரோடு, கம்பார் என்று நிலையங்கள் போகப் போக ஜன்னலில் செம்பனைத் தோட்டங்களும் மலைத்தொடரும் மாறி மாறி வரும். முதல் தடவை வரும் சொந்தக்காரர்களுக்கு இந்த வழி நெடுகத் தமிழர்கள் உழைத்த மண் என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் பாட்டனின் உடன்பிறந்தவர் யாரோ ஒருவர் இங்கே பால்மரம் சீவியிருக்கக் கூடும்.

ஈப்போவில் பாதிக் கூட்டம் இறங்கும். அதுதான் உங்களுக்கான அடையாளம். ரயில் ஈப்போவை விட்டு நகர்ந்ததுமே எழுந்து, சால்வையை மடித்து, பெட்டிகளைக் கதவருகே கொண்டுபோய் நில்லுங்கள். சுங்கை சிப்புட்டில் ரயில் நிற்பது மிகக் குறைந்த நேரம்தான். அந்த நேரத்தில் இருக்கையிலிருந்து எழுந்து பெட்டியைத் தேடினால் கோலா கங்சாருக்குப் போய்விடுவீர்கள். போய்விட்டாலும் பதற்றம் வேண்டாம், அங்கே இறங்கி வீட்டுக்கு அழைத்துச் சொன்னால் கார் வர அரை மணி நேரம்தான்.

வீட்டில் இருப்பவருக்கு ஈப்போவிலிருந்தே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: "மாமா, ஈப்போ தாண்டிவிட்டது. கோச் டி. மூன்று பெட்டி." கோச் எழுத்து தெரிந்தால் மாமா சரியான இடத்தில் காத்திருப்பார். பெட்டி எண்ணிக்கை தெரிந்தால் எந்த வண்டியை எடுத்து வருவது என்று முடிவு செய்வார்.

சுங்கை சிப்புட்டில் இறங்கி

இரட்டைத் தண்டவாளத் திட்டத்தின்போது புதிதாகக் கட்டப்பட்ட நிலையம் இது. நடைமேடையிலிருந்து வெளியே வர மேம்பாலத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் லிஃப்ட்டில் போங்கள். அழைத்துப் போக வருபவர் கொஞ்சம் முன்னதாகவே வந்து லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் நல்லது. ஓடாத நாளாக இருந்தால் நிலைய ஊழியரிடம் சொல்லி, இளைஞர் ஒருவரையும் கையோடு அழைத்து வரலாம்.

கிராப் காரை இங்கே நம்ப வேண்டாம். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கிடைப்பதுபோல் கிடைக்காது, அதுவும் இரவில், அதுவும் தோட்டத்துக்குள் என்றால் வர மறுப்பவர்கள் உண்டு. வீட்டுக் கார் இல்லை என்றால் தெரிந்த வாடகைக் காரருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தோட்டத்து வீடு என்றால் இன்னும் இரண்டு காரியம். இரவில் பிரதான வாயிலில் தடுப்புப் போட்டிருப்பார்கள். காவலரிடம் வருபவர் பெயரையும் வண்டி எண்ணையும் முன்பே கொடுத்துவிடுங்கள். மழை பெய்த நாளில் செம்பனைக்குள் போகும் மண் சாலை சேறாகிவிடும். தாழ்வான காரில் மூன்று பெட்டியும் நான்கு பேரும் என்றால் அடிப்பாகம் தட்டும். வேன் அல்லது ஹைலக்ஸ் வண்டிதான் சரி. பெட்டியைத் திறந்த பின்பகுதியில் ஏற்றினால் மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். உள்ளே பட்டுப் புடவை இருக்கிறது.

திரும்பிப் போகும்போது

வழி அதேதான், ஆனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன் முனையத்தில் இருக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து ரயிலுக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி நேரம். சென்ட்ரலில் மாறுவதற்கு முக்கால் மணி நேரம். இ.டி.எஸ். பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். தாமதத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். கூட்டினால் எட்டே முக்கால் மணி நேரம் வருகிறது. இரவு 10 மணி விமானத்துக்கு மதியம் ஒரு மணிக்குள் புறப்படும் ரயில். காலை விமானம் என்றால் முதல் நாளே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட வேண்டும்.

போகும்போது பெட்டிகள் குறையும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஊரிலிருந்து வந்த பாத்திரத்தின் இடத்தில் மைலோ பாக்கெட்டும் பிஸ்கட் டின்னும் தைலப் புட்டிகளும் ஏறியிருக்கும். வீட்டுத் தராசில் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். ஒருவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு அவருடைய எடையைக் கழித்தால் போதும். அத்தை "இன்னும் ஒரு டின் போகும்" என்று நீட்டினால், அதைப் பெட்டிக்குள் திணிக்காமல் தனிக் கைப்பையில் வாங்கி வையுங்கள். நிறுத்துப் பார்த்த பெட்டியை மறுபடி திறக்க வேண்டாம்.